துவக்குக் கடை மூடினால் பேரேடு எவர் கையில்?

ஒருவன் புடைவைக் கடையை மூடினால் அதன் கணக்கேடு அவன் வீட்டுப் பரணிலே கிடக்கலாம், கறையான் தின்னலாம், கடலைக்காரன் கையில் சுருளாகவும் மாறலாம். அதனால் நாட்டுக்கு நட்டமில்லை. துவக்கு விற்றவன் கடையை மூடும்போது நிலைமை அதுவன்று. அவன் விட்டுச் செல்லும் பேரேட்டின் ஒவ்வொரு வரியும் எங்கோ ஒரு வீட்டில், எங்கோ ஒரு சேனைக் காவற் குடிலில் இன்றும் உயிருடன் இருக்கும் ஓர் ஆயுதத்தின் பிறப்புச் சாட்சியாகும். அந்தப் பேரேடு எவருக்குச் சொந்தம்? வணிகனுக்கா, அவன் வாரிசுக்கா, பழைய காகிதம் வாங்குபவனுக்கா, அன்றிக் குடிமக்களுக்கா? ஊவா மாகாணத்து மக்கள் இன்று எழுப்ப வேண்டிய கேள்வி இதுவே. குடிமக்களுக்கே சொந்தம் என்பது நமது விடை. அதனைக் காக்கும் பொறுப்பை எழுத்தில் ஏற்குமாறு அரசாங்கத்தை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துவக்குக் கடைப் பேரேடு என்றால் என்னவென்று அறியாதோர் பலர். எந்த உற்பத்தியாளன் செய்த துவக்கு, ஒற்றைக் குழலா இரட்டைக் குழலா, எத்தனையாம் இலக்கத் துளை, உலோகத்தில் பொறிக்கப்பட்ட தொடரிலக்கம் யாது, கடைக்கு வந்த நாள் எது, எவருக்கு எந்த நாளில் எந்த உரிமத்தின் பேரில் விற்கப்பட்டது ஆகிய விவரங்களே அதன் உள்ளடக்கம். ஒரு குற்றத்தில் அகப்பட்ட துவக்கின் வழியைக் காண முனைவோர் செய்தவனிடமிருந்து இறக்குமதி செய்தவனுக்கும், அவனிடமிருந்து கடைக்காரனுக்கும், கடைக்காரனிடமிருந்து முதல் வாங்கியவனுக்கும் படிப்படியாக வருவர். இச்சங்கிலியில் கடைக்காரனின் ஏடு ஒரு கண்ணி. அது அறுந்தால் அதற்கு முன்னுள்ள கண்ணிகளும் பயனற்றுப் போகின்றன.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். எண்ணெய் பூசிக் காக்கப்பட்ட ஒரு பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு மூன்று தலைமுறை உழைக்கும். கடையின் ஆயுளோ ஒரு தலைமுறை, மிஞ்சினால் இரண்டு. ஆகவே துவக்கு வாழும் காலத்தின் பெரும்பகுதியில் அதை விற்ற கடை இருப்பதில்லை. கடை திறந்திருக்கும்போது மட்டும் ஏட்டைக் காக்கும் ஏற்பாடு, மழை பெய்யாத நாட்களுக்கு மட்டும் குடை வழங்குவது போன்றதாகும்.

சட்டத்தின் கண் எங்கே நோக்குகிறது?

இந்நாட்டில் துவக்கு தொடர்பான அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். ஆங்கிலேயர் இயற்றிய அச்சட்டம் நூறாண்டு கடந்தும் பல திருத்தங்களோடு நடைமுறையில் உள்ளது. உரிமமின்றித் துவக்கு வைத்திருக்கலாகாது, உரிமமின்றி விற்கலாகாது, உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பன அதன் சாரம். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைப் பன்மடங்கு உயர்த்தியது. தானியங்கித் துவக்கை வைத்திருப்பவனுக்கு ஆயுட்சிறை வரை செல்ல வழி வகுத்தது. 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட உரிமத் துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்தது.

இவற்றின் நோக்கை நாம் குறை கூறவில்லை. ஆயினும் 1996இன் தண்டனையும் 2024இன் பணிப்பும் துவக்கை ஏந்திய மனிதனையே நோக்குகின்றன. அவன் கையிலுள்ளது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் காகிதத்தின் மீது அத்தகைய அக்கறை எங்கே? தண்டனை ஏற ஏறச் சான்றின் தரமும் ஏற வேண்டும் என்பது நீதியின் பாலபாடம். ஒரு மனிதனை ஆயுள் முழுதும் சிறையில் வைக்கத் துணியும் அரசாங்கம், அவன் குற்றவாளியா நிரபராதியா எனத் தீர்மானிக்க உதவும் ஏட்டை ஓர் ஆயுட்காலமேனும் காக்கக் கடமைப்பட்டதன்றோ?

"விதி இருக்கிறது, அலுவலர் பார்த்துக் கொள்வர்" என்று சிலர் கூறுவர். அலுவலர் அறிந்த விதி மட்டும் போதாது. கடைக்காரனின் விதவை மனைவி, கடன்பட்ட கடையை ஏலத்தில் எடுத்தவன், கட்டடத்தை இடிக்க வந்த ஒப்பந்தக்காரன் ஆகிய மூவரும் அறிந்திருக்க வேண்டிய விதி இது. ஏனெனில் கடை மூடிய பின் அந்த ஏட்டைக் கையில் எடுப்பவர்கள் அவர்களே. இவர்களுக்குக் கடமை இன்னது, கால எல்லை இன்னது, தவறினால் தண்டம் இன்னது என்று மூன்று மொழியிலும் விளங்கச் சொல்லாத விதி அலுமாரியில் உறங்கும் விதியே.

உழவன் தலையில் விழும் சுமை

ஊவாவில் இது கற்பனைக் கவலையன்று. பிபிலையிலிருந்து வெல்லவாய வரை, வெலிமடைக் காய்கறித் தோட்டங்களிலிருந்து பசறை, லுணுகலைச் சிற்றுடைமைகள் வரை, உழவனின் பகைவர் நாற்காலிலே வருகின்றனர். காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் கிழங்கைத் தோண்டுகின்றன. குரங்கு பிஞ்சிலேயே பறிக்கிறது. தாழ்நிலத்தில் யானை ஒரே இரவில் ஆண்டு உழைப்பை மிதிக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் பெற்றுத் துவக்கு வைத்திருப்போர் இம்மாகாணத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றனர். இவர்கள் வேட்டைப் பிரபுக்கள் அல்லர். சேனையையும் வயலையும் நம்பி வாழும் எளிய மக்கள்.

இத்தகைய உழவன் ஒருவனின் உரிமத்தில் தொடரிலக்கத்தின் ஓர் எண் மாறி எழுதப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூன்று எட்டாகிவிட்டது. எழுதுவினைஞரின் கைப்பிசகு, ஆண்டுதோறும் பழைய உரிமத்தைப் பார்த்தே புதியதை எழுதியதால் பிசகும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. ஒருநாள் சோதனை நடக்கிறது. உரிமத்தில் ஓர் இலக்கம், உலோகத்தில் வேறோர் இலக்கம். சட்டத்தின் பார்வையில் அவன் கையிலிருப்பது உரிமமற்ற ஆயுதம். அவனைக் காக்க வல்லது எது? விற்ற கடையின் பேரேட்டில் உள்ள ஒரு வரி மட்டுமே. இன்ன நாளில், இன்னாருக்கு, இன்ன இலக்கத் துவக்கு விற்கப்பட்டது என்ற அவ்வரி இருந்தால் குற்றச்சாட்டு அன்றே கரையும். கடை மூடி ஏடும் அழிந்திருந்தால், எழுதுவினைஞரின் பிசகுக்கு உழவன் சிறை செல்ல நேரும்.

தந்தை இறந்த பின் துவக்குடன் கச்சேரிக்குச் செல்லும் மகனின் நிலையும் இதுதான். தந்தையின் உரிமப் புத்தகம் வெள்ளத்தில் போயிற்று, தீயில் போயிற்று, ஓட்டத்தில் தொலைந்தது என்று அவன் சொல்வான். இம்மலைநாட்டில் அவ்வாறு சொல்பவன் பொய்யன் ஆகான். 1983 ஜூலை 27ஆம் நாள் பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அத்தீ ஹாலி-எல, பண்டாரவளை, வெலிமடை வரை பரவியது. எரிந்த வீடுகளில் உறுதியும் உரிமமும் பிறப்புச் சான்றிதழும் சேர்ந்தே எரிந்தன. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தபோது, மண்ணுள் புதைந்தோர் எத்தனை பேர் என்பதற்கே முதல் நாட்களில் ஒன்றுக்கொன்று முரணான எண்கள் சொல்லப்பட்டன. மனிதரின் எண்ணிக்கையே தடுமாறும் இடத்தில் வீட்டுப் பெட்டியிலிருந்த காகிதம் பிழைத்திருக்கும் என்று எவர் எதிர்பார்ப்பர்? குடிமகனின் பிரதி அழிந்த இடத்தில் கைகொடுக்க வேண்டியது பொதுக் காவலிலுள்ள பிரதி. அது இல்லையேல் நேர்மையாளனும் கள்வனும் ஒரே வரிசையில் நிற்பர்.

சான்றுச் சட்டம் சொல்லும் நீதி

சட்டத்தரணிகள் அறிந்த ஒன்றை உழவரும் அறிதல் நன்று. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, தொழில் நடைமுறையில் ஒழுங்காக எழுதப்பட்டு வரும் கணக்கேட்டுப் பதிவை ஏற்புடைய சான்றாகக் கொள்கிறது. அது தனித்து நின்று ஒருவன்மீது பொறுப்பைச் சுமத்தப் போதாது என்றும் சொல்கிறது. இறந்துபோனவன் தன் தொழிலின் வழமையான போக்கில் எழுதிவைத்த குறிப்பை 32ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆகவே கடைக்காரன் இறந்தாலும் அவன் எழுதிய வரி மன்றத்திலே பேசும்.

90ஆம் பிரிவு இவற்றைவிட இக்கேள்விக்கு நெருக்கமானது. முப்பது ஆண்டு கடந்த ஓர் ஆவணம் உரிய காவலிலிருந்து முன்வைக்கப்பட்டால், அதன் கையெழுத்தும் கையொப்பமும் உண்மையானவை என மன்றம் அனுமானிக்கலாம். இங்கே 'உரிய காவல்' என்ற இரு சொற்களே உயிர்நாடி. பேரேடு கச்சேரியின் ஆவண அறையிலிருந்து வந்தால் அதற்கு அந்த மதிப்புண்டு. அதே பேரேடு பழைய காகிதக் கடையிலிருந்தோ, முன்னாள் வணிகனின் மருமகன் வீட்டுக் கட்டிலின் கீழிருந்தோ வந்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலாவதாகக் கேட்பது "இடையில் எவர் கையில் இருந்தது, எத்தனை தாள் கிழிக்கப்பட்டது?" என்பதாகவே இருக்கும். ஏட்டைக் காவலின்றி விடுவது அதனை அழிப்பதற்கு அடுத்த படியேயாகும்.

மேலும் இது 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கண்ட நாடு. உயர் பொலிஸ் அலுவலர் முன்னிலையில் பெறப்பட்ட வாக்குமூலத்தை மன்றத்தில் சான்றாக்க அச்சட்டம் இடமளித்தது. அத்தகைய வாக்குமூலங்கள் எவ்வாறு பெறப்பட்டன என்பதைத் தமிழ் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. மனிதனின் வாயிலிருந்து பிடுங்கப்பட்ட சொல்லுக்கு எதிரே நிற்க வல்லது, எவரையும் அஞ்சாத பழைய மை எழுத்து. காகிதச் சான்று பெருகப் பெருகத் தடியடிச் சான்றின் தேவை குறையும். நீதியை நேசிப்போர் பேரேட்டைக் காக்க வேண்டுமென்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஏடு எதிரியின் கையிலானால்?

"அப்படியானால் எல்லா ஏடுகளையும் பொலிசாரிடம் கொடுத்துவிடுவோமே" என்பர் சிலர். மறுபுறம், "ஏடுகளை எரித்துவிடுவதே மக்களுக்குப் பாதுகாப்பு" என்பர் வேறு சிலர். இரு கூற்றும் பாதி உண்மை. ஆகவே இரண்டும் ஆபத்தானவை.

ஏடு ஒரு வழிகாட்டி. எந்த ஊரில், எந்த வீட்டில் துவக்கு உண்டு என்று அது காட்டும். 1971 ஏப்ரல் 5ஆம் நாள் அதிகாலையில், நாடெங்கும் வெடிக்கவிருந்த கிளர்ச்சியின் முதல் தாக்குதல் இதே ஊவாவின் வெல்லவாய பொலிஸ் நிலையத்தின் மீது நடந்தது. ஆயுதம் நாடிய கூட்டம் முதலில் தேடுவது ஆயுதம் இருக்கும் இடத்தையே. 1987 முதல் 1989 வரை நடந்த இரண்டாம் கிளர்ச்சியின்போது ஊர் வீடுகளில் நுழைந்து உரிமத் துவக்குகள் பறிக்கப்பட்டன. துவக்கு வைத்திருந்த உழவன் ஒருபுறம் கிளர்ச்சியாளருக்கும் மறுபுறம் படையினருக்கும் அஞ்சி வாழ்ந்தான். பாழடைந்த ஒரு கடையில் கேட்பாரற்றுக் கிடக்கும் பேரேடு இத்தகையோர் கையில் கிட்டினால் விளைவு யாதென்று எண்ணிப் பாருங்கள்.

பட்டியல் கொலைக்கருவியாகும் என்பதற்குத் தமிழ் மக்களைவிட வேறு எவர் சாட்சி வேண்டும்? 1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் வாக்காளர் பட்டியலைக் கையில் ஏந்தித் தமிழர் வீடுகளை இலக்கமிட்டுத் தேடிச் சென்றனர் காடையர். வாக்குரிமைக்கென எழுதப்பட்ட பட்டியல் தீவைக்கும் கைக்கு விளக்காயிற்று. பட்டியலை எழுதியது குற்றமன்று. அது எவர் கையிலும் தங்குதடையின்றிச் செல்ல விட்டதே குற்றம். ஆகவே ஏட்டை எரிப்பது பேதைமை. கதவு திறந்த அறையில் வைப்பது அதனினும் பேதைமை. காவலும் வேண்டும், பூட்டும் வேண்டும், பூட்டைத் திறப்பவன் யாரென்று எழுதும் குறிப்பேடும் வேண்டும்.

அமெரிக்கா தரும் பாடமும் நொத்தாரிசு தரும் பாடமும்

இது நடவாத காரியமன்று. துவக்குப் பண்பாட்டிலே ஊறிப்போன அமெரிக்க ஐக்கிய நாட்டிலேயே இதற்கு விதியுண்டு. அங்கு உரிமம் பெற்ற துவக்கு வணிகன் தொழிலை முற்றாக விட்டால், தன் பதிவேடுகளை 30 நாட்களுக்குள் மத்திய அரசின் பணியகத்திடம் ஒப்படைக்க வேண்டும். அவை மேற்கு வெர்ஜீனியா மாநிலத்து மார்ட்டின்ஸ்பர்க் நகரிலுள்ள தடமறியும் நிலையத்தைச் சேர்கின்றன. மூடிய கடைகளின் ஏடுகள் குவிந்து, கட்டடத்தில் இடமின்றிக் கப்பற் கொள்கலன்களில் அடுக்கி வைத்த காலமும் உண்டு. அதேவேளை 1986ஆம் ஆண்டுச் சட்டம், துவக்கு உரிமையாளரின் பெயர்களைத் தொகுத்து ஒரு மத்திய பதிவேடு ஆக்குவதைத் தடை செய்தது. ஆகவே குற்றத்தில் அகப்பட்ட துவக்கின் இலக்கத்தைக் கொண்டு தாள் தாளாகத் தேடுகின்றனர்; பெயரைக் கொடுத்து "இவனிடம் என்ன உண்டு?" என்று தேட இயலாது. அந்நாட்டில் துவக்கால் நிகழும் படுகொலைகளை எண்ணும்போது அவர்களைப் பின்பற்றத்தக்க வழிகாட்டிகள் என்று எவரும் சொல்லார். ஆயினும் மூடிய கடையின் ஏடு தனியார் சொத்தன்று என்ற ஒன்றை அவர்களும் ஏற்றுக் கொண்டுள்ளனர். முன்னர் 20 ஆண்டு கடந்த விற்பனைப் பதிவுகளை வணிகன் அழிக்கலாம் என்றிருந்த விதியை 2022இல் நீக்கித் தொழில் நடக்கும் காலம் முழுதும் காக்கப் பணித்தனர். அண்டை நாடான இந்தியாவோ 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் இயற்றிய 2016ஆம் ஆண்டு விதிகளில் உரிமக்காரர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள இலக்கம் கொண்ட தேசியப் பதிவை ஏற்படுத்தியது.

கடல் கடந்து செல்லவே தேவையில்லை. இலங்கையின் சட்டத்திலேயே இதற்கு அருமையான முன்மாதிரி உண்டு. நொத்தாரிசு ஒருவர் உறுதி எழுதினால் ஒரு படியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, இரண்டாம் படியை மாதந்தோறும் காணிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் இறந்தாலோ தொழிலை விட்டாலோ அவரிடமுள்ள படிகள் காணிப் பதிவகத்தைச் சேர வேண்டும். 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டம் வகுத்த ஒழுங்கு இது. நூறாண்டுக்கு முன் காணியைப் பற்றி இவ்வளவு கவலை கொண்டனர். ஒரு பேர்ச் நிலத்தின் வரலாற்றை நொத்தாரிசின் மரணத்துக்குப் பின்னும் தொடர்ந்து காக்கத் தெரிந்த நாடு, உயிர் வாங்கும் கருவியின் வரலாற்றைக் கடைக்காரனின் மரணத்தோடு சேர்த்துப் புதைக்கலாமா?

"நமக்கென்ன?" என்போருக்கு

தோட்டத்து லயத்தில் வாழும் தமிழன் கேட்கலாம்: "நம்மிடம் துவக்கும் இல்லை, துவக்குக் கடையும் இல்லை, இதில் நமக்கென்ன?" நியாயமான கேள்வி. தோட்ட வரலாற்றில் துவக்கு எப்போதும் ஒரு பக்கத்திலேயே இருந்து வந்தது. 1900இல் அமைக்கப்பட்டு 1949இல் கலைக்கப்பட்ட தோட்டத்துரைமார் துவக்குப் படை, வெள்ளைத் துரைமாரின் படையாகவே இருந்தது. துவக்கும் துரை கையில். செக்ரோலும் துரை கையில். தொழிலாளிக்குக் கவ்வாத்துக் கத்தியும் கூடையும் மட்டுமே.

ஆயினும் துவக்கு இல்லாதவனுக்கே இந்த ஏடு அதிகம் தேவை. அவனைச் சுடும் துவக்கு எங்கிருந்து வந்தது என்று கண்டறிய அவனுக்கு வேறு வழியில்லை. சட்டவிரோதக் கட்டுத்துவக்கில் கால் சிதைந்து பதுளை வைத்தியசாலைக்கு வருவோரில் விறகு பொறுக்கச் சென்றவரும் குறுக்கு வழியே நடந்தவரும் உண்டு. நீர்க்குழாயைக் கொண்டு செய்த கட்டுத்துவக்குக்குத் தொடரிலக்கம் கிடையாது. அதை எந்தக் கடைப் பேரேடும் காட்டாது என்பது உண்மையே. ஆனால் உரிமத் துவக்கின் வரலாறு சீராக எழுதப்பட்ட இடத்தில்தான் உரிமமற்றது தனித்துத் தெரியும். நெல்லை அளந்து வைத்தவனே பதரை அறிவான்.

பதிவேடு தொலைந்தால் ஒரு மக்கள் கூட்டத்தின் தலைவிதியே மாறும் என்பதை மலையகத் தமிழருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் மணமாகாதோர் பத்தாண்டும் மணமானோர் ஏழாண்டும் இடையறாது இங்கு வாழ்ந்ததைக் காட்டக் கோரியது. காட்டுவதற்குச் சான்று எங்கே இருந்தது? தோட்டத்துச் செக்ரோலிலும் பற்றுச்சீட்டிலும். அவையோ தொழிலாளியின் கையில் இல்லை. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. நிராகரிப்புக்கு ஆட்சியாளரின் உள்நோக்கமே முதற் காரணம். ஆனால் அந்த உள்நோக்கத்துக்கு வாய்ப்பான கருவியாக அமைந்தது, சான்றேடு பிறர் கையில் இருந்தமை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரைப் பங்கு பிரித்தது. நாடற்ற நிலைக்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தோட்டங்கள் 1975இல் கம்பனிகளிடமிருந்து அரசுடைமையாயின. 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. தோட்டம் கைமாறும் வேளையில் தேயிலைக் கொழுந்துக்கும் இயந்திரத்துக்கும் கணக்கு எடுக்கின்றனர். தொழிலாளியின் சேவைக் காலத்தையும் சேமலாப நிதியையும் காட்டும் பழைய ஏடுகளுக்கும் அதே அக்கறையோடு தாள் எண்ணி ரசீது கொடுக்க வேண்டாமா? மூடும் தொழிலின் ஏடு பொதுக் காவலுக்குரியது என்ற கொள்கை துவக்குக் கடைக்கு ஏற்கப்பட்டால், நாளை அதே கொள்கையைச் செக்ரோலுக்கும் கேட்க நமக்கு உரிமையுண்டு. துவக்கின் பிறப்பு வரலாற்றைக் காக்கும் அரசாங்கம் மனிதனின் உழைப்பு வரலாற்றைக் காக்க மறுக்கும் துணிவு எங்கே பெறும்?

நாம் கோருவன

முதலாவது: துவக்கு வணிகன் தொழிலை விட்டாலும், இறந்தாலும், கடனில் மூழ்கினாலும், உரிமம் பறிக்கப்பட்டாலும், அவனுடைய இருப்பேடும் விற்பனையேடும் 30 நாட்களுக்குள் ஒப்படைக்கப்பட வேண்டும். இக்கடமை வாரிசையும், சொத்து நிருவாகியையும், கடையை வாங்கியவனையும் கட்டுப்படுத்த வேண்டும். தாள்களை எண்ணி, எண்ணிக்கையை எழுதிய ரசீது வழங்கப்பட வேண்டும்.

இரண்டாவது: நொத்தாரிசுகளைப் போலத் துவக்கு வணிகரும் விற்பனைப் பதிவின் படியை மாதந்தோறும் அனுப்ப வேண்டும். அப்போது கடை எரிந்தாலும் சரிந்தாலும் ஏடு பிழைக்கும்.

மூன்றாவது: காவல் குடிசார் அலுவலகத்திடம் இருக்க வேண்டும். பதுளை, மொனராகலைக் கச்சேரிகளில் தீயும் ஈரமும் அணுகாத ஆவண அறை வேண்டும். 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒரு படி வேண்டும்.

நான்காவது: குறிப்பிட்ட துவக்கின் இலக்கத்தைக் காட்டி, நீதவானின் கட்டளை பெற்ற பின்னரே பொலிசாரோ படையினரோ ஏட்டைப் பார்க்கலாம். பெயரை, ஊரை, இனத்தைக் கொண்டு தேடுவது தடைசெய்யப்பட வேண்டும். பார்த்தவன் பெயரும் நாளும் காரணமும் எழுதப்பட வேண்டும்.

ஐந்தாவது: தன் துவக்குக்குரிய பதிவின் சான்றுப்படுத்திய பிரதியைப் பெறும் உரிமை குடிமகனுக்கு வேண்டும், அதைத் தன் மொழியிலே கேட்டுப் பெறும் உரிமையும் வேண்டும். 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் தமிழுக்கு நிருவாகத்தில் இடமளித்தது. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. வர்த்தமானியில் உள்ள தமிழ் கச்சேரி மேசையிலும் இருக்க வேண்டும்.

ஆறாவது: துவக்கு அழிக்கப்பட்டது என்று காட்டப்படும் வரை அதன் பதிவை அழிக்கலாகாது. ஏட்டை வேண்டுமென்றே அழிப்பவனுக்கும், மறைப்பவனுக்கும், விற்பவனுக்கும் தண்டனை வேண்டும்.

செலவைப் பற்றி முணுமுணுப்போர் இருப்பர். ஒரு மாவட்டத்தில் துவக்கு விற்கும் கடைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றின் ஏடுகளுக்கு வேண்டியன சில இரும்பு அலுமாரிகளும், பொறுப்புள்ள ஓர் எழுதுவினைஞரும், ஓர் ஒழுங்கான பூட்டும். அமைச்சர் ஒருவர் பதுளைக்கு வரும்போது கட்டப்படும் வளைவுகளுக்கும் தோரணங்களுக்கும் ஆகும் செலவைவிட இது பெரிதாகாது.

பதுளை, பண்டாரவளைச் சட்டத்தரணிகளே, வெலிமடை, பசறை உழவர் சங்கத்தாரே, தோட்டத் தொழிற்சங்கக் கிளைத் தலைவர்களே! இது கட்சிக் கேள்வியன்று. இனக் கேள்வியும் அன்று. சிங்கள உழவனின் துவக்கும் தமிழ் உழவனின் துவக்கும் ஒரே கடையில் வாங்கப்பட்டவை. ஒரே பேரேட்டில் அடுத்தடுத்த வரியாக எழுதப்பட்டவை. அடுத்த மாதக் கூட்டத்திலே இவ்வாறு கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். ஒரு படியை மாவட்டச் செயலாளருக்கும், ஒரு படியை உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அனுப்பியதற்கான ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தைக் காக்கும் பழக்கம் நம்மிடமிருந்தே தொடங்கட்டும்.